கைவிட்ட கழனியில் காடு திரும்புகிறது



பிழைப்புத் தேடி ஊரை விட்டுப் போன ஒரு குடும்பத்தின் நிலம் உழுவாரற்றுக் கிடந்தால் என்ன ஆகும் என்பது நம்மில் பலரும் அறிந்த செய்திதான். முதல் ஆண்டில் புல் முளைக்கும். அடுத்த ஆண்டில் செடியும் கொடியும் படரும். அதற்கடுத்த ஆண்டில் வரப்பு எது, வாய்க்கால் எது என்று அடையாளம் தெரியாமல் போகும். 'நிலம் பாழாகிவிட்டதே!' என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் அந்த நிலத்தை அப்படியே விட்டுவிட்டால்? இருபது ஆண்டுகள், நாற்பது ஆண்டுகள், நூறு ஆண்டுகள் யாரும் தொடாமலிருந்தால் அங்கே என்ன நிற்கும்? மழை வளம் மிக்க வெப்பமண்டல நாடுகளில் இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. பாழ் என்று நாம் பெயர் வைக்கும் அந்தப் புதர், பல இடங்களில் ஒரு காட்டின் குழந்தைப் பருவமாக இருந்திருக்கிறது. அந்தக் குழந்தை எந்தச் சூழலில் வளர்கிறது, எந்தச் சூழலில் மடிகிறது என்பதைத்தான் இங்கே நாம் பார்க்கப் போகிறோம்.

ஒரு தீவின் வரலாறு

கரீபியக் கடலில் போர்ட்டோ ரிக்கோ என்றொரு தீவு உண்டு. ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இலங்கைத் தீவில் ஏழில் ஒரு பங்கு என்று சொல்லலாம். நானூறு ஆண்டுகள் ஸ்பெயினின் பிடியிலிருந்த இத்தீவு, 1898-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கைக்கு மாறியது.

அத்தீவின் நிலம் மனிதனுக்காக உழைத்துக் களைத்த நிலம். கடலோரச் சமவெளியெங்கும் கரும்பு. நடுத்தர உயரமுள்ள குன்றுகளில் புகையிலை. உயர்ந்த மலைச்சரிவுகளில் காபி. எஞ்சிய இடமெல்லாம் மாடுகளுக்கான மேய்ச்சல் நிலம். 1940-களின் இறுதியில் அத்தீவில் காடு என்று சொல்லத்தக்கது நூற்றுக்கு ஆறு பங்கு அளவே எஞ்சியிருந்தது. மலை உச்சிகளிலும், ஏர் ஏற முடியாத செங்குத்தான சரிவுகளிலும் மட்டுமே பழைய மரங்கள் நின்றன.

அதன் பின்னர் காலம் மாறியது. 1899-இலும் 1928-இலும் வீசிய கொடிய சூறாவளிகள் காபித் தோட்டக்காரர்களின் முதுகெலும்பை ஏற்கெனவே முறித்திருந்தன. 1940-களின் பிற்பகுதியில் அரசு, வேளாண்மையை விட்டுத் தொழிற்சாலைகளை நோக்கித் தீவைத் திருப்பியது. மலையில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்த இளைஞர்கள் நகரத்து ஆலைகளுக்குச் சென்றார்கள். இலட்சக்கணக்கானோர் கப்பலிலும் விமானத்திலும் ஏறி நியூயார்க் முதலிய நகரங்களில் குடியேறினார்கள். ஊரில் முதியவர்கள் எஞ்சினார்கள். பின்னர் அவர்களும் இல்லாமல் போனார்கள். கழனிகள் கைவிடப்பட்டன. கரும்பாலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

ஆளில்லாத அந்த நிலங்களில் காடு திரும்பியது. 1990-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் காடு இருந்தது. 2003-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலோ பாதிக்கும் மேற்பட்ட நிலம் மரங்களால் மூடப்பட்டிருந்தது. நூற்றுக்கு ஆறு என்ற நிலையிலிருந்து நூற்றுக்கு ஐம்பதைக் கடந்த நிலைக்கு! அதுவும் ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள்! இக்காட்டின் பெரும்பகுதி எவரும் குழி தோண்டி நட்டு, நீர் ஊற்றி வளர்த்ததன்று என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

விதையைக் கொண்டு வந்தது யார்?

நடுவார் இல்லாமல் மரம் எப்படி வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பே. விடை மண்ணிலும் இருக்கிறது, வானத்திலும் இருக்கிறது.

சில மரங்களின் விதைகள் மண்ணுக்குள் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும் ஆற்றல் பெற்றவை. மேலே நிழல் நீங்கி வெயில் தரையைத் தொட்டவுடன் அவை விழித்துக்கொள்கின்றன. பப்பாளி இலையைப் பன்மடங்கு பெரிதாக்கியது போன்ற இலையுடைய யக்ரூமோ என்னும் மரம் இவ்வகையைச் சேர்ந்தது. வேகமாக உயரும், மரம் மெல்லியது, ஆயுளும் குறைவு. ஆனால் அது விரிக்கும் நிழலில் வெயில் விரும்பும் புல் நலிவடைகிறது. நிழலைத் தாங்கும் மரக்கன்றுகள் தலையெடுக்கின்றன. பின்னால் வருவோருக்கு இடம் அமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் மறையும் இத்தகைய மரங்களை முன்னோடி மரங்கள் என்று அழைக்கிறார்கள்.

மற்ற விதைகளைச் சுமந்து வருபவை பறவைகளும் வௌவால்களும். பழந்தின்னி வௌவால் பறக்கும்போதே எச்சமிடும் இயல்புடையது. ஆகவே மரமே இல்லாத திறந்த வெளியிலும் அதனால் விதை தூவ முடிகிறது. பறவையோ பெரும்பாலும் ஒரு கிளையில் அமர்ந்துதான் எச்சமிடும். மேய்ச்சல் நிலத்தின் நடுவே மாடுகளின் நிழலுக்காக விடப்பட்ட ஒற்றை மரம் இருந்தால், அதன் அடியில் பத்துவகை விதைகள் வந்து விழும். அந்த ஒற்றை மரத்தைச் சுற்றி ஒரு சிறு தோப்பு உருவாகும். பல தோப்புகள் விரிந்து ஒன்றையொன்று தொடும்போது அது காடாகிறது. வயலில் ஒரு மரத்தை வெட்டாமல் விட்ட விவசாயி, தான் அறியாமலே ஒரு காட்டுக்கு அடித்தளமிட்டிருக்கிறான்!

இதனால்தான் போர்ட்டோ ரிக்கோவில் காபித் தோட்டங்கள் மற்ற நிலங்களைக் காட்டிலும் விரைவாகக் காடாயின. காபிச் செடிக்கு நிழல் வேண்டுமென்பதால் அங்கே உயர்ந்த மரங்கள் ஏற்கெனவே நின்றன. புல் அடர்ந்த மேய்ச்சல் நிலமோ அவ்வாறில்லை. அறிவியலாளர் மிட்செல் எயிடும் அவருடைய குழுவினரும் 1990-களில் வெவ்வேறு காலங்களில் கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மரங்கள் மிகக் குறைவாகவே தோன்றியிருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் புல்வெளிதான். ஆனால் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்த நிலங்களில், மரங்களின் அடர்த்தியும் பருமனும், மரவகைகளின் எண்ணிக்கையும் பழைய காட்டுக்கு நிகராக வந்திருந்தன.

நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான். பத்தாம் ஆண்டில் அந்த நிலத்தைப் பார்த்தவர், 'இங்கே ஒன்றும் வராது' என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். நாற்பதாம் ஆண்டில் வந்தவர், அங்கே ஒரு காலத்தில் மாடு மேய்ந்தது என்பதையே நம்ப மறுத்திருப்பார்.

போனதெல்லாம் திரும்பியதா?

இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மரங்களின் எண்ணிக்கை திரும்பியது. ஆனால் அவை அதே மரங்கள் அல்ல. இன்று போர்ட்டோ ரிக்கோவில் எங்கும் காணப்படும் மரங்களுள் ஒன்று ஆப்பிரிக்கத் துலிப் மரம். செந்நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் இம்மரத்தை நம் நாட்டுப் பூங்காக்களிலும் காணலாம். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட அது, கைவிட்ட கழனிகளைப் பற்றிக்கொண்டது. ஆயினும் அதன் நிழலில் தீவின் சொந்த மரங்கள் மெல்ல முளைத்து வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பழைய காடுமன்று, வெறும் களையுமன்று. புதிய கலவையாக ஒரு காடு அங்கே உருவாகிக்கொண்டிருக்கிறது.

போர்ட்டோ ரிக்கோ கிளியின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. இப்பச்சைக்கிளி பெரிய முதிய மரங்களின் பொந்துகளில் கூடு கட்டுவது. முப்பது ஆண்டு இளங்காட்டில் அத்தகைய பொந்துகள் ஏது? 1975-இல் காட்டில் எஞ்சியிருந்தவை வெறும் 13 கிளிகள். வளர்ப்புக் கூடங்களில் இனப்பெருக்கம் செய்து காட்டில் விட்டதனால்தான் அவ்வினம் பிழைத்தது. 2017-இல் மரியா என்னும் சூறாவளி தீவைத் தாக்கி, இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்களை முறித்தும் சிதைத்தும் போட்டபோது, எல் யுங்கே மலைக்காட்டில் வாழ்ந்த கிளிகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்தன. கூடங்களில் காக்கப்பட்டவையே அவ்வினத்தை மீண்டும் தாங்கின. மரங்களோ தழைத்தன, முறிந்த தண்டுகளிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பின. ஒரு மரத்தை மீட்பதற்கும் ஒரு பறவையினத்தை மீட்பதற்கும் இடையேயுள்ள தூரம் இத்தகையது.

திரும்பாத நிலங்கள்

எல்லா நிலத்தையும் கைவிட்டால் எல்லாம் காடாகிவிடுமா? அப்படி எண்ணுவது பிழை.

பிரேசில் நாட்டில், அமேசான் காட்டின் கிழக்குப் பகுதியில் பரகோமினாஸ் என்றோர் ஊர். அங்கே கைவிடப்பட்ட மேய்ச்சல் நிலங்களைக் கிறிஸ்டோபர் உல் என்பவரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1988-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டை வெட்டி, சில காலம் மட்டும் மேய்த்துவிட்டுக் கைவிட்ட நிலம், எட்டு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 80 டன் மரமும் கிளையும் இலையுமாகத் திரட்டியிருந்தது. நடுத்தரமாகப் பயன்படுத்திய நிலத்தில் அதில் பாதிதான் வளர்ந்திருந்தது. இயந்திரங்களைக் கொண்டு வேரோடு வாரிச் சமன் செய்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்திய நிலத்திலோ ஆண்டுக்கு ஒரு டன் வளர்ச்சி கூட இல்லை. புல்லும் களையுமே நின்றன.

காரணம் எளிது. வேரோடு வாரியதால் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க வழியில்லை. மண்ணில் உறங்கிய விதைகளும் அழிந்தன. மாடுகளின் குளம்பும் இயந்திரங்களின் எடையும் மண்ணை இறுக்கின. தப்பித் தவறி வந்து விழும் விதைகளை எலிகளும் எறும்புகளும் தின்று தீர்த்தன.

இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி வாசகர்களுக்கு இது புதிதன்று. அங்கே தரிசாகக் கிடக்கும் கண்மாய்க் கரைகளையும் புன்செய்களையும் சீமைக்கருவேலம் பிடித்திருப்பதைத் தினமும் பார்க்கிறீர்கள். மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தின் காயை ஆடுமாடுகள் தின்று, சாணத்தின் வழியே விதையைப் பரப்புகின்றன. மழை குறைந்த அந்நிலத்தில், விதை தருவதற்குப் பக்கத்தில் முதுகாடும் இல்லை. மேய்ச்சலுக்கும் விறகு வெட்டுக்கும் ஓய்வும் இல்லை. எனவே ஒரே மரம் கோலோச்சுகிறது. நிலம் கைவிடப்பட்டால் மட்டும் போதாது. விதையும், அதைச் சுமப்பாரும், உயிருள்ள மண்ணும், போதிய ஈரமும் வேண்டும் என்பதற்கு நம் கண்ணெதிரே நிற்கும் சான்று அது.

தீயை நிறுத்தியவர்கள்

இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைந்தால் மனிதன் கைகொடுக்க முடியுமா? முடியும் என்று காட்டியது மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டா ரிகா.

அந்நாட்டின் வடமேற்கில் குவானகாஸ்தே என்றொரு மாகாணம். ஆண்டில் ஆறு மாதம் மழை, ஆறு மாதம் வறட்சி. அங்கே நூற்றாண்டுகளாக மாட்டுப் பண்ணைகள் நடந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜராகுவா என்ற தீவனப்புல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, வறட்சியில் காய்ந்து சருகாகும். அதற்குத் தீ வைப்பது பண்ணைக்காரர்களின் வழக்கம். ஆண்டுதோறும் அந்தத் தீ, ஓரத்திலிருந்த காட்டைச் சிறிது சிறிதாகத் தின்றது. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஒரு காலத்தில் பரந்திருந்த வறண்ட காட்டில், நூற்றுக்கு இரண்டு பங்கு கூட நல்ல நிலையில் எஞ்சவில்லை என்று 1980-களில் எழுதினார் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்க உயிரியலாளர்.

அவரும் அவருடைய துணைவியார் வின்னி ஹால்வாக்ஸும் 1985-இல் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். 1971 முதல் தேசியப் பூங்காவாக இருந்த சாந்தா ரோசாவைச் சுற்றியுள்ள பண்ணைகளை நன்கொடைப் பணத்தில் விலைக்கு வாங்குவது, தீயை நிறுத்துவது, பிறகு காட்டை அதன் போக்கில் வரவிடுவது. இதுவே அத்திட்டத்தின் சாரம். கோடிக்கணக்கில் கன்று நடும் திட்டமன்று அது. உள்ளூர் ஆட்களே தீயணைப்புப் படையாக அமர்த்தப்பட்டார்கள்.

வியப்பான ஒரு செயலையும் அவர்கள் செய்தார்கள். மாடுகளை உடனே விரட்டிவிடவில்லை. சில ஆண்டுகள் அவற்றை அந்தப் புல்லிலேயே மேயவிட்டார்கள். புல் குறைந்தால் தீக்கு இரை குறையும் அல்லவா? முதலில் காற்றில் பறக்கும் விதைகளையுடைய மரங்கள் வந்தன. அவற்றின் நிழலில் விலங்குகள் நடமாடத் தொடங்கியதும் அவை சுமந்த விதைகளும் வந்தன. மாகாணத்துக்குப் பெயர் தந்த குவானகாஸ்தே மரமும் அவற்றுள் ஒன்று. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்துக்கு அது உறவு. தூங்குமூஞ்சியும் அந்தப் பக்கத்து மரமே. அதன் காய்களை மாடும் குதிரையும் விரும்பித் தின்று விதையைப் பரப்புகின்றன. எந்த மாட்டுக்காகக் காடு அழிந்ததோ, அதே மாடு காட்டின் விதையைச் சுமந்தது!

இன்று அங்கே நிலமும் கடலுமாக 1,60,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு ஒரே பாதுகாப்பின் கீழ் உள்ளது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று பாடம் நடத்துகிறார்கள். பட்டப்படிப்பு இல்லாத கிராமத்து ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, பூச்சிகளையும் புழுக்களையும் வகைப்படுத்தி அறிவியலுக்கு உதவுகிறார்கள். பண்ணை போனதால் வேலை போகும் என்று அஞ்சியவர்களின் பிள்ளைகளுக்கு, அந்தக் காடே வேலை தந்தது.

அங்கே நடந்த மற்றொரு நிகழ்ச்சியும் சுவையானது. அருகிலிருந்த ஓர் ஆரஞ்சுச் சாறு நிறுவனம், 1990-களின் இறுதியில் காப்பகத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 12,000 டன் ஆரஞ்சுத் தோலையும் சக்கையையும் வளமிழந்த மூன்று ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில் கொட்டியது. போட்டி நிறுவனம் ஒன்று வழக்குத் தொடுத்து, நீதிமன்றம் அத்திட்டத்தை நிறுத்தியது. கொட்டிய தோலை எல்லாரும் மறந்தார்கள். 2013-இல் ஓர் ஆய்வு மாணவர் அவ்விடத்தைத் தேடிப் போனார். அடையாளப் பலகையே கொடிகளுக்குள் மறைந்து போயிருந்தது. 2017-இல் வெளியான ஆய்வின்படி, தோல் கொட்டாத பக்கத்து நிலத்தைக் காட்டிலும் அங்கே மரங்களின் எடை 176 விழுக்காடு கூடியிருந்தது. அழுகிய தோல் புல்லை மூச்சுமுட்டச் செய்து, மண்ணுக்கு உரமுமாயிற்று. சமையற்கட்டுக் கழிவை வாழைக்கு அடியில் கொட்டும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் வியப்பேதும் இராது.

எத்தனை ஆண்டுகள் ஆகும்?

தனித்தனி ஊர்களின் நிலையைப் பார்த்தோம். மொத்தக் கணக்கு என்ன? நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூரன்ஸ் போர்ட்டர் தலைமையில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, 2016-இலும் 2021-இலும் இக்கணக்கை வெளியிட்டார்கள். 2021-ஆம் ஆண்டு ஆய்வு, அமெரிக்கக் கண்டங்களிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலுமாக 77 இடங்களை எடுத்துக்கொண்டது.

அவர்கள் கண்ட முடிவு இது: மண்ணின் வளம் பத்தாண்டுக்குள்ளாகவே பெரும்பாலும் மீள்கிறது. காட்டின் உருவ அமைப்பு மீள 25 முதல் 60 ஆண்டுகள் வேண்டும். மரவகைகளின் எண்ணிக்கை நிறைய ஏறத்தாழ 60 ஆண்டுகள். மொத்த எடையும், இன்னின்ன மரங்கள் என்ற பழைய சேர்க்கையும் திரும்ப 120 ஆண்டுகளுக்கு மேலாகும். எல்லாவற்றையும் சராசரியாகப் பார்த்தால், இருபதே ஆண்டுகளில் இளங்காடு முதுகாட்டின் நிலையில் 78 விழுக்காட்டை எட்டிவிடுகிறது.

இளங்காட்டுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. வளரும் பிள்ளை அதிகம் உண்பது போல, வளரும் காடு காற்றிலுள்ள கரியமில வாயுவை வேகமாக இழுத்துக்கொள்கிறது. முதுகாட்டைக் காட்டிலும் இளங்காடு பதினொரு மடங்கு வேகமாகக் கரியைச் சேர்க்கிறது என்பது 2016-ஆம் ஆண்டு ஆய்வின் கணக்கு. பூமி சூடாகி வரும் இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. வெப்பமண்டல நாடுகளில் தானாகவே காடு திரும்பக்கூடிய நிலம் 21.5 கோடி ஹெக்டேர் உண்டு என்று 2024-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

அப்படியானால் முதுகாட்டை வெட்டினாலும் பரவாயில்லை, திரும்ப வந்துவிடும் என்று எவரேனும் வாதிட்டால், அதற்கு நாம் செவிசாய்க்கலாகாது. விதை எங்கிருந்து வருகிறது? அருகில் நிற்கும் முதுகாட்டிலிருந்துதான். தாய்க்காடு அழிந்த இடத்தில் சேய்க்காடு பிறப்பதில்லை.

காடு கேட்பது காலம்

விதை கிடைக்கிறது, வௌவால் சுமக்கிறது, மண்ணும் தேறுகிறது. எஞ்சியிருப்பது காலம் ஒன்றே. மனிதன் கொடுக்கத் தயங்குவதும் அதைத்தான்.

கோஸ்டா ரிகாவின் தென்பகுதியில் 1947 முதல் 2014 வரை எடுக்கப்பட்ட வான்வழிப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் வேதனையான உண்மையைக் கண்டார்கள். அங்கே தோன்றிய இளங்காடுகளில் பாதி, இருபது ஆண்டு நிறையும் முன்னரே மீண்டும் வெட்டப்பட்டிருந்தது. 54 ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 85 பங்கு மறைந்திருந்தது. நாம் மேலே கண்ட கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். அறுபது ஆண்டு கேட்கும் காட்டுக்கு இருபது ஆண்டு தவணை! அரைகுறையாக வளர்ந்த காடு ஏட்டுக் கணக்கில் 'காடு' என்று சேரும்; அடுத்த கணக்கில் அது இருக்காது. நம் வீடுகளில் பெரியவர்கள், 'கொஞ்சம் சபூர் செய்' என்பார்கள். காடும் அதைத்தான் கேட்கிறது.

சட்டமும் பணமும் இதில் துணைசெய்ய முடியும். கோஸ்டா ரிகா 1996-இல் ஒரு வனச் சட்டம் இயற்றி, காட்டை அழித்து வேறு பயனுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்கு, எரிபொருள் வரியிலிருந்து 1997 முதல் பணம் கொடுத்தது. தன் நிலத்தில் வளரும் புதரால் ஒரு பயனும் இல்லை என்று கருதும் ஏழை விவசாயி அதை வெட்டத்தான் செய்வான். அவனைக் குறை கூறுவதில் பயனில்லை. ஊருக்கும் உலகுக்கும் நன்மை தரும் காட்டின் செலவை அவன் ஒருவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது.

மறுபக்கம்

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. போர்ட்டோ ரிக்கோவில் காடு திரும்பியது மகிழ்ச்சிதான். ஆனால் அது எதன் விலை? மலைக்கிராமத்துக் குடும்பங்கள் சிதறின. தாய் ஊரிலும் மகன் நியூயார்க்கிலுமாக வாழ்ந்தார்கள். கடல் கடந்த பிழைப்பை அறிந்த நம் வீடுகளுக்கு அந்தப் பிரிவின் கனத்தை விளக்கத் தேவையில்லை. இன்று அத்தீவு தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து கப்பலில் வரவழைக்கிறது. 2017-ஆம் ஆண்டுச் சூறாவளியில் துறைமுகங்கள் முடங்கியபோது அதன் இடரை மக்கள் நேரில் உணர்ந்தார்கள். அங்கே விளையாத உணவு வேறெங்கோ ஒரு வயலில் விளைந்தாக வேண்டும். அந்த வயலுக்காக வேறொரு காடு அழிந்திருக்கவும் கூடும்.

ஆகவே எல்லா வயலையும் கைவிடுங்கள் என்று எவரும் சொல்ல முடியாது. நல்ல நிலத்தில் நன்றாக விளைவிப்பது; செங்குத்தான சரிவையும், ஆற்றோரத்தையும், உழுதாலும் பலன் தராத நிலத்தையும் காட்டுக்கு விட்டுக்கொடுப்பது. இந்த இரண்டும் சேர்ந்து நடந்தால்தான் மனிதனும் வாழலாம், காடும் வாழலாம்.

வாசகப் பெருமக்களே! ஒரு நிலம் வருமானம் தருகிறதா என்பதை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பத்தாண்டுப் புதர் பாழாகத்தான் தெரியும். அதன் நடுவே நிற்கும் ஒற்றை மரம், அதன் கிளையில் வந்தமரும் பறவை, அதன் அடியில் நிழலுக்காகக் காத்திருக்கும் சின்னஞ்சிறு கன்று ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் நமக்கு வேண்டும். இனி எங்கேனும் கைவிட்ட நிலம் ஒன்றைக் காண நேர்ந்தால், உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்: அருகில் விதை தரும் மரம் இருக்கிறதா, பறவை வருகிறதா, தீயும் மேய்ச்சலும் நின்றிருக்கின்றனவா என்று பார். இருந்தால், வெட்டுவதற்கு முன் அதை எத்தனை ஆண்டுகள் விட்டுவைக்க முடியும் என்று பெரியவர்களைக் கேள். அந்தக் கேள்விக்கு ஒரு குடும்பமோ ஓர் ஊரோ தரும் விடையைப் பொறுத்தே, அங்கே வளரும் புதர் விறகாகுமா, காடாகுமா என்பது முடிவாகும்.